சன்னலைச் சாத்திய மதியம்

சாம்பிராணி வாசம் எங்கிருந்து வந்தாலும் எழுந்துவிடுகிறேன். கோயிலோ, மளிகைக் கடையோ, யார் வீட்டுக் கூடமோ, கால் முதலில் எழுகிறது, அதற்குப் பின்னால்தான் நான். பார்க்கிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் எங்கே புகைகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன்.

புக்கிட் காத்தில் என்னும் ஊரில் ஓர் அடுக்குமாடி. நான்காம் மாடியின் நீண்ட நடைபாதையில் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு மரக்கதவுக்கும் முன்னால் ஓர் இரும்புக் கிரில், கிரிலில் ஒரு பூட்டு. என் பக்கத்து வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும். அக்காவுக்குச் செங் வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை, மதிய ஷிப்ட். அண்ணன் என்று நான் கூப்பிடும் அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு முறை தனியாக வெளியே கிளம்பிப் படிக்கட்டில் உருண்டிருக்கிறார். அதனால் வேலைக்குப் போகும்போது அக்கா கிரிலை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். மாற்றுச் சாவி என் சமையலறை ஆணியில் தொங்கும். வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன் நான்; பகலெல்லாம் இருப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில் கிளம்பும் முன் அக்கா வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவார். குடிவந்த புதிதில், புகையைப் பார்த்துவிட்டுக் கோடி வீட்டு மலாய்க்கார அம்மாள், எல்லாரும் மாக்சிக் என்று கூப்பிடுகிறவர், வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாராம். பிறகு மாடிக்கே பழகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா தூபக்காலோடு நடைபாதைவரை வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"கொசு போச்சு, பல்லி போச்சு. இந்த மனுஷன் மட்டும் அசைய மாட்டேங்குறாரு தம்பி."

உள்ளேயிருந்து அண்ணனின் குழறல் வந்தது. "அசஞ்சாதான்... பூட்டுறியேலா."

மூவரும் சிரித்தோம். அக்கா தூபக்காலை உள்ளே வைத்துவிட்டு மரக்கதவைச் சாத்தினார். பூட்டு விழுந்தது. கீழே அவருடைய மோட்டார் சைக்கிள் உறுமி, தேய்ந்து, சாலையோடு கலந்தது.

நான் மேசைக்குத் திரும்பினேன். வாசமும் கூடவே வந்தது. ஒரு பத்தி முடித்தேன். தேநீர் கலக்கி, ஆற்றி, குடித்தேன். வாசம் போகவில்லை. இன்றைக்கு அக்கா கொஞ்சம் அதிகமாகவே போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்த வாசத்தின் அடியில் வேறொன்று கிடந்தது. துணி தீய்வதுபோல, ரப்பர் தீய்வதுபோல. மூக்கு சொன்னதை மண்டை வாங்கிக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான். இருமல் வந்தது. எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.

சாத்தினேன். கொக்கி மாட்டினேன். திரும்ப வந்து உட்கார்ந்து எத்தனை வரி எழுதினேன் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. மாக்சிக். "இது உங்க சாமிப் புகை இல்ல," என்றார் மலாயில். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். ஆணியிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

நடைபாதை கறுத்திருந்தது. தினமும் பார்க்கிற சாவி, அன்று பூட்டுக்குள் நுழையவில்லை. குத்துகிறேன், வழுக்குகிறது, குத்துகிறேன், வழுக்குகிறது. கதவுக்குப் பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது. ஓர் இருமலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒவ்வோர் இடைவெளியிலும் நான் மூச்சை நிறுத்திக் காத்திருந்தேன். "அண்ணே," என்றேன். பதில் இல்லை. பிறகு இருமலும் இல்லை.

மாக்சிக் என் கையைப் பிடித்துச் சாவியைத் திருப்பிப் போட்டார். நான் தலைகீழாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிரில் திறந்தது. மரக்கதவைத் தள்ளினால் கொஞ்சம் போய் நின்றது. மெத்தென்று எதிலோ இடித்தது. அண்ணன்தான். கட்டிலிலிருந்து விழுந்து, ஒற்றைக் கையால் தவழ்ந்து, வாசல்வரை வந்திருக்கிறார். இடுக்கில் நுழைந்து ஆளுக்கொரு கக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்தோம். மூக்கோரம் கரி. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நான் குனியவில்லை. குனிந்து, இல்லை என்றால்? மாக்சிக் குனிந்தார். நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார்: இருக்கிறது.

தூபக்காலிலிருந்து ஒரு கங்கு பஞ்சு மெத்தையில் விழுந்திருக்கிறது. பெரிய நெருப்பாக எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று புகை கக்கியிருக்கிறது. மற்ற வீட்டுக்காரர்கள் வாளி வாளியாக ஊற்றி அணைத்தார்கள்.

நான் போன் செய்ததும் கிளம்பிய அக்கா, ஆம்புலன்ஸில் அண்ணனை ஏற்றும்போது தொழிற்சாலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து அண்ணன் கண் திறந்து என்னையே பார்த்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பார்வைக்கு என்ன பொருள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"பொக எப்ப தம்பி வந்துச்சு?" என்றார் அக்கா.

"இப்பதாங்க்கா," என்றேன். "வந்த ஒடனே ஓடியாந்துட்டேன்."

தமிழ் தெரியாத மாக்சிக் பக்கத்தில் ஈரக் கையோடு நின்றிருந்தார்.

அக்கா வண்டிக்குள் ஏறிக் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டார். கதவை மூட ஆள் வந்தபோது, குனிந்து என் மணிக்கட்டைத் தொட்டார்.

"நீ பக்கத்துல இருக்குற தைரியத்துலதான் தம்பி நான் பூட்டிட்டுப் போறது."