சட்டை போட்ட ஓணானின் கடைசிப் பக்கம்

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, இருந்தாள். எதிர்வீட்டு அண்ணி இருந்தாள். அண்ணியின் மாமியார் இருந்தாள், அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். என் அண்ணன் இருந்தான். நடுவில் மல்லாட்டை, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர், குவிந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில், மடித்த சாக்கின் மேல், நான்.

திண்டிவனம் பக்கம், வல்லத்தை ஒட்டிய ஊர் எங்களுடையது. மார்கழியில் விதைக்கிற மல்லாட்டையைக் கையால்தான் உரிப்போம். மிஷினில் போட்டால் பருப்பு உடையும். உடைந்தது முளைக்காது. ஆனால் உரிக்கிற கை வாய்க்கும் போகும். உதவிக்கு வந்தவர்களைத் தின்னாதே என்று சொல்ல முடியுமா? அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வரிக்கு வரி ஊம் கொட்ட வேண்டும். வாயில் பருப்பை அடக்கிக்கொண்டு ஊம் கொட்டினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். நிமிர்ந்து பார்க்க மாட்டார். தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான்.

கதை சொல்கிறவர் உரிக்க வேண்டாம், சாக்கில் உட்கார்ந்தால் போதும். அந்த வருஷம் சாக்கு எனக்கு வந்தது. நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் தடங்கலில்லாமல் வாசிப்பவள் நான்தான். போன வருஷம் உரித்து உரித்துக் கட்டைவிரல் தோல் பிய்ந்து, சோறு பிசைய முடியாமல் அழுதவளும் நான்தான். சாக்கைவிட்டு இறங்கக் கூடாது. எனக்கு வேறு கவலை இல்லை.

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. திண்டிவனத்தில் பழைய பேப்பர் கடையில் கிடந்ததை அப்பா எடுத்து வந்தார். மேலட்டை இல்லை. பேர் தெரியாது. சிவப்புச் சட்டை போட்ட ஓணான் ஒன்று, அறுந்துபோன பட்டனைத் தேடிப் போகும். சிலந்தியைக் கேட்கும். கோழியைக் கேட்கும். இலை தைக்கிற சிட்டைக் கேட்கும். யாரும் தர மாட்டார்கள். ஆனாலும் தலையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டுப் போகும். அதனால் எனக்கு அதைப் பிடிக்கும். வேலியில் ஓணானைப் பார்த்து அண்ணன் கல்லெடுத்தால் அவன் கையைக் கடிப்பேன்.

அன்றைக்கு அதைத்தான் வாசித்தேன். ஓணான் கிணற்று மேட்டில் ஏறி நிற்கிறது. தலைக்கு மேல் பருந்தின் நிழல். அதற்கப்புறம் தாள் இல்லை. நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் அத்தை.

"அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா? இம்மா நேரம் ஊம் கொட்டிக்கினு குந்தினு இருக்கறமே, நாங்க இன்னா கேணையா? பருந்து தூக்கிக்கினு பூடுச்சு. கதை முடிஞ்சுது. எறங்கி வந்து உரி."

"தூக்கல," என்றேன்.

"நீ பாத்தியா?"

"நாளைக்குக் காட்டறேன்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். காட்டலன்னா சாக்கு எனக்கு."

காது மந்தமான மாமியார் அதற்கும் ஊம் என்றாள்.

மறுநாள் விதைக்குக் கலக்கிற மருந்து வாங்க அப்பா திண்டிவனம் போய்விட்டார். விழுப்புரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிற மாமா, அம்மாவின் தம்பி, வந்தார். புதிதாக டச் போன் வாங்கியிருந்தார். அதில் எல்லாம் வரும் என்றார். ஓணான் வருமா என்று கேட்டேன்.

வீட்டில் டவர் கிடையாது. மோட்டார் கொட்டகைத் தொட்டி மேல் ஏறினால் கிடைக்கும். நானும் மாமாவும் ஏறினோம். வேடிக்கை பார்க்க மற்றவர்கள் மல்லாட்டையைத் தூக்கிக்கொண்டு தொட்டி நிழலுக்கே வந்துவிட்டார்கள்.

மாமா ஓணான் என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். நிஜ ஓணான்கள் வந்தன, சட்டை இல்லாமல். மறுபடி அடித்தார். பல்லி விழும் பலன் வந்தது.

"ஏங்க, தோள்ல உழுந்தா இன்னா பலன்? அதையாவது பாத்துச் சொல்லுங்க," என்றாள் அத்தை கீழேயிருந்து. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேரு தெரியாத புக்க எங்கன்னு தேடறது? பேஜாரு புடிச்ச வேல," என்றார் மாமா. நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. அத்தை எழுந்து என் சாக்கை உதறி மடித்தாள்.

மாமா ஒரு மைக் படத்தைத் தொட்டு என் வாய்க்கு நேராகப் பிடித்தார். "போனுக்கே கதைய சொல்லு. ஜல்தி."

சொன்னேன். செவப்புச் சட்டை போட்ட ஓணான். பட்டன் தேடிக்கினு போவுது.

போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது. பிள்ளைகள் கதைப் புத்தகங்கள் போட்டிருக்கிற ஒரு பக்கம். வரிசையாக மேலட்டைகள். நடுவில் சிவப்புச் சட்டை. அந்த மேலட்டையை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். விரல் வைத்தேன். திறந்தது.

தொட்டி விளிம்பில் நின்று கடைசிப் பக்கத்தைக் கத்தி வாசித்தேன். பருந்து பாய்ந்து சட்டையைக் கவ்வியது. மேலே தூக்கியது. பட்டன் இல்லாத சட்டை. ஓணான் நழுவி வேலியில் விழுந்தது. பருந்துக்குக் கிடைத்தது வெறும் சட்டை.

"பட்டன் இருந்திருந்தா செத்திருக்கும்!" என்று அண்ணன் துள்ளினான். அண்ணி கைதட்டினாள். மாமா விசில் அடித்தார். அத்தை மடித்த சாக்கைத் தூக்கித் தொட்டி மேல் போட்டாள். உட்கார்ந்தேன்.

மாமா பக்கத்தைத் தள்ளினார். கீழே அதே ஓணான், ரயிலில். இன்னும் கீழே மழையில், குடையோடு. ஒரு கதையில் வந்தவன் இன்னொரு கதைக்குப் போவான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தேன்.

"ஊம்லாம் எதுக்கு? நடுவுல கத்துனா கதை கெட்டுப்பூடும். நீ படிடி கண்ணு," என்றாள் அத்தை. ஒன்று முடிந்ததும் அடுத்தது படி என்றாள். என்னைக் கண்ணு என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தோற்றவள் பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன். கீழே ஒரு சத்தம் இல்லை. அவ்வளவு அமைதியாக யாரும் என் கதையைக் கேட்டதில்லை. அம்மாகூட வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். உரித்துப் போட்ட தொப்பிக் குவியலைப் பார்த்தார், பருப்பை அளந்தார். மூட்டைக்கு எவ்வளவு இறங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மறுபடி அளந்தார். அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இனிமேல் எல்லா வருஷமும் இவளே வாசிக்கட்டும் என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அண்ணியின் மாமியார் என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அவள் கையில் பருப்புத் தோல் ஒட்டியிருந்தது. அவளுக்குக்கூடக் கதை கேட்டிருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

விதையில் ஒன்றரைப் படி குறைந்திருந்தது.