கடைசி அத்தியாயத்தில் ஒரு கப்பல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சேலையூர் வீட்டில் பூண்டு வறுபடும் வாசனை எழுந்தால், ஞானப்பிரகாசம் மாமா வந்துவிட்டார், அவருக்காக அம்மா பர்மா நூடுல்ஸான "அத்தோ" கிளறுகிறாள் என்று அர்த்தம். அப்பாவின் சிநேகிதரான மாமாவும் அப்பாவும் ரங்கூனில் தமிழ்க் கதை எழுதியவர்கள். யுத்தத்தில் ஒன்றாகக் காட்டுவழி இந்தியாவுக்கு நடந்து வந்து, யுத்தம் முடிந்ததும் ரங்கூன்தான் ஊர் என்று திரும்பிப் போய், அறுபதுகளில் பட்டாள ஆட்சி விரட்டியதும் ஒரே கப்பலில் மதராசுக்கு வந்து இறங்கியவர்கள். புறப்படும்போது துறைமுகச் சோதனையில் அம்மாவின் தாலிக்கொடியோடு இருவரின் கையெழுத்துப் பிரதிகளையும் பிடுங்கிக்கொண்டார்கள், பாவிகள்!

ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் உரக்கப் படித்துத் திருத்துவது அவர்கள் வழக்கமாக இருந்ததால், அப்பாவின் நாவல் மாமாவுக்கும், மாமாவின் கதைகள் அப்பாவுக்கும் மனப்பாடம். ஞாயிறுதோறும் ஒருவர் நினைவிலிருந்து சொல்ல, எழுதியவர் மறுபடி எழுதிக்கொள்வார். "பர்மாக்காரங்க உடம்பு மட்டும்தான் இங்க கீது" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டலடிப்பாள்.

பாதி நாவல் ஆனபோது, முடிவை முதலில் எழுதிவிடலாம் என்று அப்பா ஆசைப்பட்டதுதான் வினை. கதாநாயகன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறான் என்று மாமா சொன்னதும் அப்பா பேனாவை வீசினார்.

"நான் அப்படி எழுதவே இல்ல. அவன் ரங்கூனை விட்டு வரமாட்டான்."

"நீதான்யா எழுதினே. ஒரு எழுத்துகூட மாத்திச் சொல்லமாட்டேன்" என்றார் மாமா.

"அப்போ இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா தட்டோடு நின்றாள். அதன்பின் இருவரும் தாம்பரம் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு கோடியில் நின்று ரயில் ஏறினார்கள்.

எழுபதுகளில், பீர்க்கன்கரணை ஏரிக்கரை வீட்டில் மாமா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அப்பாவின் மிச்சப் பாதி நாவலும் அவரோடு கல்லறைக்குப் போனது. "அவர் கதைங்களையாவது எழுதிக் குடுங்க, அவர் புள்ளைங்க கேக்குது" என்று அம்மா மன்றாடினாள். "என் கதையைக் கெடுத்தவனுக்கா?" என்ற அப்பா கடைசிவரை எழுதித் தராமலே செத்தார். வீம்பு, வேறென்ன! எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று அந்த ஏரிக்கரை வீடும் இல்லை, எங்கள் ஓட்டு வீடும் இல்லை. இரண்டு இடத்திலும் அடுக்குமாடிகள். போன மாதம், தொண்ணூறை நெருங்கும் அம்மா சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "மாமா சொன்னதுதான்டி நெசம். அவன் கப்பல் ஏறத்தான் செய்வான். உங்கப்பா எழுதினதை நானும்தான் படிச்சேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"அப்பல்லாம் எனக்கு அந்த நாவல் முழுசும் மனப்பாடம்டி. என்னை யாரு கேட்டா?"