சேலை ஓட்டோபானில், நான் எரிமலையில்

என்னை இடித்தது கார். ஆனால் எல்லோரும் விற்கச் சொன்னது சைக்கிளை.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் வேலைக்குப் போகும் வழியில் பச்சை விளக்கு விழுந்து நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். வலது பக்கம் திரும்பிய ஒருவர் என்னைப் பார்க்கவில்லை. காறை எலும்பு உடைந்து, உள்ளே ஒரு தகடு வைத்துத் திருகினார்கள். ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த எங்கள் ஆட்கள் தோடம்பழப் பையைக் கட்டிலருகே வைத்துவிட்டு ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "பிள்ளை, இனியாவது அந்தச் சைக்கிளை வித்துப்போடும்." இடித்தவரிடம் போய்க் காரை விற்கச் சொன்ன ஆள் ஒருவருமில்லை. இதை அன்றே வாய்விட்டுச் சொன்னேன். வலி மருந்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மாவின் கோபம் வேறு மாதிரி. "ஊரிலை சண்டை நடந்து பெற்றோல் இல்லாத காலத்திலை சைக்கிள் மிதிச்சு மிதிச்சே எங்கட முழங்கால் தேஞ்சது. இஞ்ச வந்து கார் வாங்கினது இனி மிதிக்கக்கூடாது எண்டுதான். நீ காசு குடுத்து வாங்கி மிதிக்கிறாய்" என்பார். அதற்குப் பின்னால் பயம் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா பயத்தைப் பயமாகக் காட்டுகிற ஆள் இல்லை. ஏச்சாகத்தான் வரும்.

எனக்கும் பயம்தான். அதை ஏன் மறைக்க வேண்டும்? தோள் ஆறிய பிறகு முதல்முறை தெருவில் இறங்கியபோது பின்னால் ஒரு காரின் சத்தம் கேட்டது. இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். குளியலறைக்குள் போய் அழுதேன். பிறகு முகம் கழுவும்போதுதான் ஆத்திரம் வந்தது. கார்களுக்குத் தெரு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், கார் வராத இடத்தைத் தேடி நான் போகிறேன் என்று முடிவெடுத்தேன்.

அப்படித்தான் ஃபோகல்ஸ்பெர்க் மலை எனக்குக் கிடைத்தது. ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்துக்குள் அடிவாரம். எப்போதோ அணைந்துபோன எரிமலை. ஊசிமலை மாதிரி எதையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அகலமாகக் கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி ஒரு மேடு, அவ்வளவே. ஆனால் அதன் காடு முழுக்க வனத்துறையின் சரளைப் பாதைகள். கறுப்புக் கல் நொறுங்கிக் கிடக்கும். அதில் ஓடுவதற்கென்றே தடித்த டயரும் வளைந்த கைப்பிடியும் உள்ள கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். டயருக்கடியில் சரளை நெரிபடும் சத்தம் அரிசி கொழிக்கிற சத்தம் போல இருக்கும். முதல் நாள் அங்கே முப்பது கிலோமீற்றர் ஓடினேன். ஒரு கார்கூட வரவில்லை. ஒரு திருப்பத்தில் நின்று, "இப்ப வாங்கோ பாப்பம்" என்று காட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். ஒருவரும் வரவில்லை.

அடுத்த ஆண்டு என் அண்ணனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தார்கள். மண்டபம் அந்த மலைக்கு மறுபக்கத்துச் சிற்றூரில். எங்கள் ஆட்கள் கிடாரம் வைத்துச் சமைத்து, மேளச் சத்தம் போட, அயலில் ஆட்கள் குறைந்த மண்டபமாகப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அண்ணனின் மனைவி, எனக்கு மச்சாள், கூடப்பிறந்தவர்கள் இல்லாதவர். தாய்மாமன் இல்லாததால் பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்க்கும் பொறுப்பு தகப்பனின் தங்கையான என் தலையில் வந்தது. நல்லநேரம் காலை பத்திலிருந்து பத்து நாற்பது வரை. அதற்குள் மாமியான நான் தண்ணீர் வார்த்தாக வேண்டும்.

நான் மலை தாண்டிச் சைக்கிளில் வருகிறேன் என்றேன்.

"உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. "சாமத்தியவீட்டுக்கு மாமிக்காரி சைக்கிளிலை வாறதோ? ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"ஆக்கள் காரிலை வந்தாலும் கதைப்பினம் அம்மா."

அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "சரி, வா. நேரத்துக்கு வந்து தண்ணி வார்த்தியெண்டால் நான் இனி அந்தச் சைக்கிளைப் பற்றி வாயே திறக்கமாட்டன். பிந்தினியோ, அடுத்த கிழமையே அதை வித்துப்போடோணும். சம்மதமோ?"

"ஓம்" என்றேன். என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குச் சைக்கிளிலும் விருப்பமில்லை, சண்டையிலும் விருப்பமில்லை.

சேலையை முதுகுப் பையில் கொண்டுபோக நினைத்தேன். அம்மா விடவில்லை. "பட்டுச் சாறியைச் சுருட்டி அடைக்க ஏலாது. நான் காரிலை மடிப்புக் குலையாமல் கொண்டு வாறன்" என்றார். நகையும் சட்டையும் சேலையோடு போயின. அதைக் கொடுத்ததுதான் நான் செய்த பிழை.

முதல் நாள் மாலையே ரயிலேறி, அடிவாரத்தில் ஒரு விடுதியில் தங்கி, காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்கினேன். இரவு மழை பெய்திருந்தது. மேலே போகப் போகப் பனிமூட்டம். சக்கரத்துக்கு முன்னால் பத்து மீற்றர்தான் தெரிந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க, தகடு வைத்த தோள் குளிரில் இழுத்துப் பிடித்தது. எட்டு மணிக்கு உச்சியைத் தாண்டிவிட்டேன். இனி இறக்கம்தானே என்று வாழைப்பழம் ஒன்றைச் சாவகாசமாக உரித்துச் சாப்பிட்டேன்.

இறக்கத்தில், பாதி வழியில், பாதையையே காணவில்லை. புயலில் சரிந்த ஊசியிலை ஸ்புரூஸ் மரங்கள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. வரைபடத்தைப் பார்த்தேன். இடது பக்கம் இறங்கினால் பிரதான வீதி. ஏழு கிலோமீற்றர், நல்ல தார், இருபது நிமிடத்தில் மண்டபம். லொறிகளின் சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

வீதிக்குப் போகலாமா என்று யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு, எந்தக் காரிடமிருந்து தப்பி இந்த மலைக்கு வந்தேனோ அந்தக் காரிடமே இன்றைக்குப் போய் வழி கேட்கமாட்டேன் என்று பட்டது. சைக்கிளை நல்ல தோளில் தூக்கினேன். ஒரு மரம், இன்னொரு மரம், அதற்கடுத்தது. சைக்கிளை அப்பால் வைத்து, நான் தவழ்ந்து ஏறி, மறுபடி தூக்கினேன். மூன்றாவது மரத்தில் காற்சட்டை கிழிந்தது. ஐந்தாவதில் முழங்காலளவு சேற்றில் விழுந்தேன். எனக்குத் தெரிந்த எல்லா யாழ்ப்பாணத்துத் தூஷணமும் அன்று அந்த ஜெர்மன் காட்டுக்குக் கேட்டது.

மண்டபத்துக்கு முன்னால் நான் பிரேக் பிடித்தபோது மணி பத்து இருபது. வாசலில் அண்ணன் தொலைபேசியோடு நின்றார். உள்ளே மச்சாள், பிள்ளை, கிடாரத்தோடு சமையற்காரர் இருவர். வேறு ஒருவருமில்லை. நூற்றைம்பது கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

"அண்ணா, எங்கை எல்லாரும்?"

"ஓட்டோபானிலை. லொறி பிரண்டு ரோட்டைப் பூட்டிட்டாங்களாம். ஐயர், வீடியோக்காரர், அம்மா, எல்லாரும் அங்கதான் நிக்கினம்."

கார்கள் பறப்பதற்கென்றே போட்ட அந்த நெடுஞ்சாலையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே சிரிப்பு நின்றது. என் சேலையும் அங்கேதான் நின்றது.

அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தோம். திரையில் அம்மா, மடியில் மடிப்புக் குலையாத அரக்கு நிறப் பட்டு. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கிழிந்த சைக்கிள் காற்சட்டை, சேறு, கையில் சிராய்ப்பு. பின் இருக்கையிலிருந்து பெரியம்மா ஒருவர், "ஐயோ, இந்தக் கோலத்திலை வார்க்கிறதோ? நாங்கள் வந்தாப்பிறகு செய்யலாம்" என்றார். மச்சாள், "என்ரை சாறி ஒண்டைச் சுத்திக்கொண்டு வாரும்" என்று என் கையைப் பிடித்தார். மணி பத்து இருபத்தெட்டு.

"சுத்தமாட்டன்" என்றேன். "நான் வந்த மாதிரித்தான் நிப்பன். சாறியோ, நேரமோ? அம்மா, நீங்களே சொல்லுங்கோ."

பிந்தினால் சைக்கிள் போய்விடும். அம்மா வேண்டுமென்றே தயங்கினால் நேரம் தானாகப் பிந்திவிடும். அது அவருக்கும் தெரியும். திரையில் அவர் சேலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"முகம் கைகாலைக் கழுவு" என்றார். "கழுவிப்போட்டுத் தண்ணியை வார். கெதியா."

மண்டபத் தரை நனையாமல் இருக்க, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் பலகை போட்டுப் பிள்ளையை இருத்தியிருந்தார்கள். அறுகைப் பாலில் தோய்த்து அவள் தலையில் வைத்தேன். சைக்கிளைத் தூக்கின தூக்கில் தோள் விட்டுப்போயிருந்தது. செம்பு நீரை வார்த்தபோது அவள் கீழே என் முழங்காலைப் பார்த்து, "மாமி, இரத்தம் வருது" என்றாள். "வரட்டும்" என்றேன். அண்ணன் கைபேசியில் படம் எடுத்தார்.

மற்றவர்கள் வந்து சேரப் பகல் ஒரு மணி ஆனது. வீடியோக்காரர் வந்ததும் வராததுமாக என்னிடம், "அக்கா, சாறியைக் கட்டிக்கொண்டு வாங்கோ, படத்துக்குத் திரும்ப ஒருக்கால் வார்ப்பம்" என்றார். எங்கள் கொண்டாட்டங்களில் இது வழக்கம்தான். பந்திக்குச் சேலை கட்டினேன், அதிலெனக்கு வீம்பில்லை. ஆனால் திரும்ப வார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நடந்ததைத்தான் படத்தில் வைக்க வேண்டும்.

அல்பம் அச்சாகி அம்மாவின் வீட்டு மேசைக்கு வந்தது. ஒரு பக்கம் முழுக்க அண்ணன் எடுத்த அந்தப் படம்: ஒருபுறம் தோணிப்பாய் போல நிமிர்ந்த என் ஈரத் தலைமயிர், சேற்றுக் காற்சட்டை, கையில் வெள்ளிச் செம்பு. போன மாதம் நான் அங்கே இருந்தபோது அம்மாவின் சிநேகிதி ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டு வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். நான் பக்கத்து அறைக்குள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"இதென்ன, உங்கட மகள் இந்தக் கோலத்திலை நிக்கிறா? காரிலை வந்திருக்கலாமே?"

அம்மா தேநீரைக் கீழே வைத்தார்.

"காரிலை வந்த நாங்கள் எல்லாரும் ரோட்டிலை நிண்டனாங்கள்" என்றார். "அவள்தான் நேரத்துக்கு வந்தவள்."