கழுத்தில் ஒளிர்ந்த பழுப்புக் கொழுப்பு

நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து என்னை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் நான் தனியாள். மருத்துவமனைப் படிவத்தில் உடன் வருபவர் பெயர் எழுதும் இடத்தில் ஒரு கோடு போட்டேன்.

சர்க்கரை கலந்த மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். மெல்லிய அங்கி. ஏர்கான் நேராக என்மேல் அடித்தது. கூப்பிட்டால் போர்வை தந்திருப்பார்கள். யாரையும் எதுவும் கேட்காமல் இருந்தே எனக்குப் பழகிவிட்டது. நடுங்கியபடி கிடந்தேன்.

மூன்றாம் நாள் டாக்டர் படத்தைக் காட்டினார். என்னைவிட இளையவர். என் கழுத்தின் இரு பக்கமும் பளிச்சென்று ஒளிர்ந்தது. முதலில் நோய் வந்ததும் கழுத்தில்தான்.

"திரும்ப வந்துருச்சா டாக்டர்?"

"பயப்படாதீங்க அக்கா. அன்னிக்கு ரொம்ப குளிருச்சா?"

"நடுங்கிப் போயிட்டேன்."

"சொல்லியிருக்கலாம் லா! இது பழுப்புக் கொழுப்பா இருக்கலாம், குளிர்ல உடம்பைச் சூடாக்குற கொழுப்பு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க."

காகிதத்தில் ஒரு செல்லை வரைந்து விளக்கினார். மற்ற செல்களில், மைட்டோகாண்ட்ரியாவில் உணவு எரிந்து கிடைக்கும் சக்தி உடம்பின் வேலைக்காகச் சேமிக்கப்படுகிறது. பழுப்புக் கொழுப்பிலோ, குளிர் வந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சுவரில் ஒரு புரதம் வழி திறந்துவிடுகிறது. சேமிக்க வேண்டிய சக்தி அவ்வழியே கசிந்து சூடாகிவிடுகிறது. அதற்காக அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஊசியில் ஏற்றிய சர்க்கரை சேரும் இடத்தைத்தான் ஸ்கேன் காட்டும்.

"ஆனா நிச்சயமா சொல்ல முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு, உடம்பைச் சூடா வச்சுக்கிட்டு இன்னொரு தடவை எடுப்போம்."

அந்த இரண்டு வாரமும் பள்ளியில் பாடம் நடத்தினேன், யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்து கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். நோயா, எனக்காக உள்ளே மூட்டிய நெருப்பா என்று விரலுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் முறை கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு போனேன். "போர்வை வேணும்" என்று தாதியிடம் கேட்டேன். வாய்விட்டுக் கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் இரண்டு கொண்டுவந்து போர்த்தினார்.

இம்முறை என் கழுத்தில் ஒளியே இல்லை. "நோய் இல்ல அக்கா" என்றார் டாக்டர்.

வெளியே வந்து, கைப்பேசியில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். எனக்கு நோய் வந்ததே தெரியாதவர்களிடம் குணமானதை எப்படிச் சொல்வது? வாடகைக் காரில் ஏறியதும், "அங்கிள், எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்றேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நல்லதும்மா," என்றார். நான் அழுதது தெரிந்ததோ என்னவோ, ஏர்கானைக் கொஞ்சம் குறைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.