அண்ணைக்காக எடுத்த கடன்

யூரோ வந்த புதிதில், ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை ஒருவருக்கு நிரந்தர விசா இல்லை. வங்கி கடன் தராது. ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிட, களவாய் ஆள் கொண்டுவரும் ஏஜென்சிக்குக் காசு வேண்டுமென்று அழுதார். என் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்தேன். கடன் துண்டு எழுதி வாங்கவில்லை. எங்கட ஆக்களிடம் துண்டு கேட்டால் மரியாதைக் குறைவாம். மண்ணாங்கட்டி மரியாதை! மனைவி வந்து சேர்ந்ததும் தவணை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு எனக்கு ராணுவத்துக்குக் கருவி செய்யும் கொம்பனியில் வேலை கிடைத்தது. அரசாங்கப் பாதுகாப்புச் சோதனையில், கட்டாமல் கிடந்த அந்தக் கடன் அகப்பட்டது. கடனில் இருப்பவனை யாரும் காசு காட்டி வளைக்கலாமாம்.

"அந்தக் காசு உங்களுக்குத்தான் எடுத்தது எண்டு ஒரு கடிதம் தாங்கோ, அண்ணை" என்று கேட்கப் போனேன்.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவியிடம் அவர் சொன்னார்: "பாவம், தம்பி கடன்பட்டுப் போனார். ஏதும் குடுத்து விடுவம்."