வால்வை மூடிப் பார்த்த அண்ணன்

என் அண்ணனுக்குக் குழாய் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று துருவித் துருவிக் கேட்பான். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதானபோது நான் ஒன்றைக் கொடுத்தேன். மயக்கம் தெளிந்ததும் டாக்டரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஜாயின்ட்டை எப்படி சார் ஒட்டினீங்க?" பக்கத்து அறையில் கிடந்த என்னை அப்புறம்தான் விசாரித்தானாம்.

ஆறு மாதத்தில் அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் போடுகிறான். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். ரத்தக் குழாயின் உட்பக்கம் மெல்லிய செல் வரிசை ஒன்று இருக்கிறதாம். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க, குழாய்ச் சுவர் தளரும். இந்த மருந்து அந்த வாயுவைக் குறைத்துவிடுவதால் குழாய் இறுகுகிறது.

அண்ணன் வாயைப் பிளந்தான். "குழாயே தன்னை லூஸ் பண்ணிக்குதா? இது தெரியாமலா இத்தனை வருஷம் பைப் மாட்டினேன்!" வீடு திரும்பும் வழியெல்லாம் மணிக்கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

மூன்றாம் நாள் அழுத்தம் பார்க்கும் கருவியோடு என் வீட்டில் வந்து நின்றான். முகமெல்லாம் பல்.

"பாரு, குறைஞ்சிருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. "எப்படிண்ணா?"

"பழுது எங்கேன்னு தெரியணும்னா ஒரு வால்வை மூடிப் பார்க்கணும்மா. ரெண்டு நாளா அந்த மாத்திரையை நிறுத்தி வெச்சேன்."

அடுப்பை அணைத்துவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குத் தையல் போட்ட இடம் வலிப்பது போலிருந்தது.

சிறுநீரகத்துக்கு இப்போதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். அழுத்தத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். இரண்டு நாளை வைத்துக்கொண்டு எதனால் குறைந்தது என்று சொல்லவே முடியாது என்று திட்டினார்.

"அப்போ எத்தனை நாள் நிறுத்தினா தெரியும் சார்?" என்றான் அண்ணன்.

நான் உடைந்து அழுதுவிட்டேன். "நீ மூடிப் பார்த்தது உன் வால்வு இல்லண்ணா. என்னோடது."

கையோடு கொண்டுவந்திருந்த அழுத்தக் கருவியை அண்ணன் என் மடியில் வைத்தான்.

இப்போதெல்லாம் காலையில் போன் அடிக்கிறது. எடுத்தால் ஹலோகூடக் கிடையாது.

"உன்னோடதுக்கு மாத்திரை போட்டாச்சும்மா," என்கிறான்.