இடது பெடல்

என் சித்தியின் மகன் என்னைவிடப் பத்து வயது இளையவன். கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் சின்ன விமானம் ஓட்டப் பழக்குகிறவன். வங்கி வேலையை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் அவனிடம் பழகினேன். நாற்பது வயதில் இது தேவையா என்று நாங்கள் இருக்கும் வெள்ளவத்தையே கேட்டது.

ஏறுமுன் அவன் சப்பாத்தைக் கழற்றுவான். கோயிலுக்குள் போகிற மாதிரி ஒரு மரியாதையாக்கும் என்று நானும் கழற்றினேன். அவன் சிரித்தான்.

கடற்காற்று வலதிலிருந்து தள்ளும். இறங்கும்போது வலது இறக்கையைச் சரித்து, இடது பெடலை மிதித்து, மூக்கை ஓடுபாதைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். பெடல்கள் இருவர் காலடியிலும் உண்டு; ஒருவர் பக்கம் அமர்ந்தால் மற்றவர் பக்கமும் அமரும். "நான் தொடவே இல்லை அக்கா, முழுக்க நீங்கதான்" என்பான் ஒவ்வொரு தரமும். அப்படிப் பன்னிரண்டு தரம். அம்மா ஒவ்வொன்றுக்கும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

முதன்முதலாக என்னைத் தனியே அனுப்பிய காலையில் காற்றே இல்லை. "ஒரு சுற்று, ஒரு லேண்டிங். அவ்வளவுதான் அக்கா" என்று என் சப்பாத்தைக் கையில் வாங்கிக்கொண்டான். நான் கடலுக்கு மேல் திரும்பும்போது காற்றுக் கிளம்பிவிட்டது.

பயப்படவில்லை. பன்னிரண்டு தரம் செய்தவள் அல்லவா! இறக்கையைச் சரித்தேன், இடது காலை வழக்கம்போல வைத்தேன். மூக்கு கடல் பக்கம் திரும்பியது. கீழே ஓடுபாதையைக் காணவில்லை, புல்தான் தெரிந்தது. ஐயோ முருகா! த்ரொட்டிலை முழுக்கத் தள்ளி மறுபடி மேலே ஏறினேன்.

இரண்டாம் தரம் தொடை இறுக மிதித்தேன். அந்தப் பெடலுக்கு இவ்வளவு பாரம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. இத்தனை நாளும் எனக்காக மிதித்தவன் அவன். நான் உணராதபடி, சப்பாத்தில்லாத காலால், மெதுவாக.

சில்லுகள் ஓடுபாதையில் இடித்துத் துள்ள, ஒருவழியாக விமானத்தை நிறுத்தினேன்.

"சூப்பர் அக்கா!" என்று ஓடி வந்தான்.

"இவ்வளவு நாளும் நீயாடா மிதிச்சனி?"

அவன் முகம் செத்துப்போயிற்று. "கொஞ்சம்தான் அக்கா. இல்லாட்டி நீங்க விட்டுட்டுப் போயிருப்பீங்க."

"போயிருந்தா உயிராவது மிஞ்சும். பொய்யை நம்ப வச்சுத் தனிய அனுப்பினியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?"

வேறு யாராவது என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். நீட்டிய சப்பாத்தை வாங்காமல் கொதிக்கிற தாரில் நடந்தேன்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பதின்மூண்டாவதும் நல்லா இறக்கினியோ பிள்ளை?"

"இல்லை அம்மா, முதலாவது. நீங்க உடைச்ச பன்னிரண்டு தேங்காயும் அவன்ர காலுக்குப் போச்சு. இண்டைக்கு எனக்கு ஒண்டு உடையுங்கோ."